பதினெட்டுக் கட்டிலுக்கு ஒருத்தி



இன்றைக்கு நைட் டியூட்டிக்குப் போகிறவர்கள் வார்டுக்குள் நுழைந்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். கட்டில்களை எண்ணுங்கள். எத்தனை பேர் படுத்திருக்கிறார்கள், எத்தனை பேருக்கு டிரிப்ஸ் ஓடுகிறது, ஆக்சிஜனில் எத்தனை பேர், ஆபரேஷன் முடிந்து முதல் ராத்திரியைக் கழிப்பவர்கள் எத்தனை பேர். அப்புறம் உங்களோடு நிற்கும் நர்சுகளை எண்ணுங்கள். பெரும்பாலும் அந்தக் கணக்கு ஒன்றோடு முடிந்துவிடும். இரண்டையும் தேதி போட்டு எழுதி வையுங்கள். ஆஸ்பத்திரி ரிஜிஸ்டரில் வேண்டாம், உங்கள் கைப்பையில் இருக்கும் சொந்த நோட்டில் எழுதுங்கள். நோயாளியின் பெயரை எழுதாதீர்கள். எண்ணிக்கை போதும்.

என்னிடம் அப்படி ஒரு நோட்டு இருக்கிறது. அதன் முதல் பக்கத்தில் முதல் வரி: 13.5.2023, நைட், கட்டில் 18, நோயாளி 18, நர்ஸ் 1.

நான் எக்கியார்குப்பத்துப் பெண். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ்ஸில் போகிற எல்லாருக்கும் மரக்காணத்து உப்பளம் தெரியும். பாத்தி பாத்தியாகத் தண்ணீரும் அம்பாரம் அம்பாரமாக வெள்ளை உப்பும் ஜன்னலோரம் வந்து போகும். எங்கள் குப்பம் யாருக்கும் தெரியாது. அந்த மே மாதத்தில்தான் நாடே எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னது. மெத்தனால் கலந்த சாராயம். மரக்காணம் பக்கத்தில் மட்டும் 14 உயிர் போனது. ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களை மரக்காணம், முண்டியம்பாக்கம், புதுச்சேரி என்று ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். முதலமைச்சர் வந்தார். இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் அறிவித்தார். கேமராக்கள் வந்தன, போயின. விற்றவன் யார், விஷம் எங்கிருந்து வந்தது என்றெல்லாம் நிறைய எழுதினார்கள், எழுத வேண்டியதுதான். அந்த ராத்திரி கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றவர்களைப் பற்றி ஒரு வரி நான் எங்கும் படிக்கவில்லை.

அன்று நான் ஊரில் இல்லை. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நைட். பதினெட்டுக் கட்டில், நான் ஒருத்தி, கூட ஒரு ஆயா. டியூட்டியில் போன் எடுக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். பாக்கெட்டுக்குள் அது அதிர்ந்துகொண்டே இருந்தது. மருந்து கலந்து முடித்துவிட்டுப் பார்த்தால் அம்மாவிடமிருந்து பதினோரு மிஸ்டு கால்.

"சித்தப்பாவுக்குக் கண்ணு தெரியலயாம்டி. எல்லாம் பொகமூட்டமா இருக்குதுன்றாரு."

"சாராயம் குடிச்சாராம்மா?"

அம்மா பதில் சொல்லவில்லை. அதுவே பதில். "தூங்க விடாதீங்க, இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுங்க" என்று மட்டும் சொன்னேன். இன்சார்ஜுக்குப் போன் போட்டேன். என்னை விடுவிக்க ஆள் அனுப்புங்கள் என்று கெஞ்சினேன். "ஆள் இல்லம்மா, காலையில பாத்துக்கலாம்" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவர் கையிலும் ஆள் இல்லை. பதினோராம் கட்டிலில் ஒரு பாட்டி. அவருக்கு ஆக்சிஜன் அளவு 86-க்கு இறங்கிக்கொண்டிருந்தது. நான் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடியிருந்தால் அந்தப் பாட்டி விடியலைப் பார்த்திருக்க மாட்டார். ஓடாமல் நின்றேன். என் தெருவில் ஒவ்வொரு வீடாக விளக்கு எரிந்து, அழுகைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில் நான் யாரோ ஒருவருடைய சிறுநீர்ப் பையை அளந்து எழுதிக்கொண்டிருந்தேன். ரிலீவர் வந்தபோது காலை ஒன்பதரை.

சித்தப்பா பிழைத்தார். அவரைச் சேர்த்த வார்டில் ஒப்பந்தச் சம்பளத்தில் இருந்த ஒரு சிஸ்டர், என்னைவிட ரெண்டு மூணு வயசு சின்னவளாக இருப்பாள், விடிய விடிய அவர் முகத்துக்கு எதிரே கை விரலை நீட்டி "எத்தனை தெரியுது அப்பா, சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தாளாம். அவருக்கு மட்டும் இல்லை. வரிசையாகப் படுத்திருந்த எல்லாருக்கும். சித்தப்பா சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது: "அந்தப் பொண்ணு விரலத்தான் நான் புடிச்சிக்கினு இருந்தேன். அது ஒரு வாய் தண்ணி கூடக் குடிக்கலம்மா."

நம் தொழிலில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இதைப் படிக்கப்போகும் ஊர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். மெத்தனால் உடம்புக்குள் போய் ஃபார்மிக் அமிலமாக மாறுகிறது. ரத்தத்தைப் புளிக்க வைக்கிறது, கண் நரம்பை அழிக்கிறது, மூச்சைத் திணற வைக்கிறது. பைகார்பனேட் ஏற்ற வேண்டும், விஷமுறிவு கொடுக்க வேண்டும், முற்றினால் டயாலிசிஸ். டாக்டர் பார்த்து எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவார், போய்த்தான் ஆக வேண்டும். அதற்குப் பிறகு மூச்சு வேகம் கூடுகிறதா, பேச்சு குழறுகிறதா, போன மணி மூன்று விரல் தெரிந்தவருக்கு இப்போது ஒன்றாவது தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க ஒரு ஜோடிக் கண் வேண்டும். அந்தக் கண்தான் நர்ஸ். ஒரு ஜோடிக் கண்ணால் எத்தனை முகத்தைப் பார்க்க முடியும்?

இதற்குக் கணக்கு இல்லாமல் இல்லை. இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்திருக்கிறது: மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் மூன்று நோயாளிக்கு ஒரு நர்ஸ், மற்ற ஆஸ்பத்திரிகளில் ஐந்து பேருக்கு ஒருவர், ஐசியூவில் ஒருவருக்கு ஒருவர். படித்தபோது பரீட்சையில் இதை எழுதி மார்க் வாங்கினோம். வேலைக்கு வந்த முதல் ராத்திரியே மறக்கச் சொல்லிவிட்டார்கள்.

அதனால்தான் சொல்கிறேன், நம் முதல் கோரிக்கை எண்ணிக்கையாக இருக்க வேண்டும். சம்பளம் வேண்டாமா? வேண்டும். அம்மா தலையில் கூடை சுமந்து மீன் விற்று, தோட்டை அடகு வைத்து, மகளிர் குழுவில் கடன் எடுத்து என்னைப் படிக்க வைத்தாள். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் இடத்தில் மாதம் கையில் வந்தது அந்தக் கடனுக்கு வட்டி கட்டவே சரியாக இருந்தது. ஒரிஜினல் சான்றிதழை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். ரெண்டு வருஷத்துக்கு பாண்டில் கையெழுத்து. நடுவில் போனால் ஐம்பதாயிரம் கட்டு என்றார்கள். உங்களில் பாதிப் பேருக்கு இதே கதைதான். ஆனாலும் சம்பளத்தைக் கேட்டால் நாம் நமக்காகக் கேட்கிறோம் என்பார்கள். கட்டிலுக்கு இத்தனை நர்ஸ் என்று கேட்டால் ஊரே நம்மோடு சேர்ந்து கேட்கும். நாளைக்குப் படுக்கப்போவது அவர்கள்.

எங்கே கேட்டார்கள், யார் கேட்டார்கள் என்று நினைப்பவர்களுக்கு நம் அக்காக்கள் நடந்த பாதையைச் சொல்ல வேண்டும்.

2015-ல் தமிழ்நாடு அரசு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் பரீட்சை வைத்து 7,243 செவிலியர்களை எடுத்தது. மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். ரெண்டு வருஷம் முடிந்தால் நிரந்தரம் என்று நம்பி, சொந்த ஊரை விட்டு எங்கெங்கோ ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ரெண்டு வருஷம் முடிந்தது, உத்தரவு வரவில்லை. 2017 நவம்பர் 27 அன்று சென்னை தேனாம்பேட்டையில் டிஎம்எஸ் என்கிற மருத்துவப் பணிகள் இயக்குநரக வளாகத்தில் ஆயிரக்கணக்கில் போய் உட்கார்ந்தார்கள். கைக்குழந்தையோடு வந்தவர்கள் உண்டு. வயிற்றில் பிள்ளையோடு வந்தவர்கள் உண்டு. கழிவறைகளைப் பூட்டிவிட்டார்கள் என்று அங்கே இருந்தவர்கள் சொன்னார்கள். ஆயிரம் பெண்கள் கூடிய இடத்தில் கழிவறையைப் பூட்டுவது என்றால் என்ன என்று நான் விளக்கத் தேவையில்லை. போராட்டம் முடிந்தது என்று நடுவில் ஒரு தரப்பு அறிவித்தது. உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்திருக்கவில்லை. கடைசியில் உயர் நீதிமன்றம் தடை போட்டது. மூன்றாம் நாள் கலைந்தார்கள்.

தோற்றுப்போனார்களா? 7,700 அப்புறம் 14,000 ஆனது, 18,000 ஆனது. தேனாம்பேட்டையில் உட்காராமல் அது நடந்திருக்குமா? ஆனால் நிரந்தரம் என்ற சொல் மட்டும் எல்லாருக்கும் வந்து சேரவில்லை, தவணை முறையில் கொஞ்சம் கொஞ்சம் பேருக்குத்தான் கிடைத்தது. கொரோனாவில் கவச உடைக்குள் வியர்வையில் வெந்து வேலை பார்க்க எடுத்த செவிலியர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை 2022 டிசம்பர் 31-ஆம் தேதி வீட்டுக்கு அனுப்பினார்கள். கைதட்டி விளக்கேற்றிய ஊர் அன்றைக்குப் புத்தாண்டு கொண்டாடிக்கொண்டிருந்தது. 2025 டிசம்பரில் திரும்பவும் சென்னையில் செவிலியர்கள் திரண்டார்கள். பணி நிரந்தரம் கேட்டார்கள், சம்பளத்தோடு மகப்பேறு விடுப்பு கேட்டார்கள். 2015-ல் பரீட்சை எழுதியவர்களின் பிள்ளைகள் இதற்குள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டார்கள். பிரசவ வார்டில் நின்று ஊருக்கெல்லாம் பிள்ளை வாங்குகிறவள் தன் பிள்ளைக்குச் சம்பளத்தோடு லீவு கேட்டுத் தெருவில் உட்கார வேண்டியிருந்தது. இதை எழுதும்போது என் கை நடுங்குகிறது.

நவம்பர் 27 என்றதும் இன்னொரு நவம்பர் 27 ஞாபகத்துக்கு வருகிறது. 1973. மும்பை கேஇஎம் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த நர்ஸ் அருணா ஷான்பாகை, டியூட்டி முடிந்து அடித்தளத்தில் உடை மாற்றிக்கொண்டிருந்தபோது அங்கேயே வேலை பார்த்த ஒருவன் தாக்கினான். அதற்குப் பிறகு அவர் எழுந்து நடக்கவே இல்லை. கிட்டத்தட்ட 42 வருஷம் அதே ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். 2015 மே 18 அன்று இறந்தார். மும்பை நர்சுகள் அவருக்கு நடந்ததற்காக அப்போதே வேலைநிறுத்தம் செய்தார்கள், எங்களுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்றார்கள். வேலைநிறுத்தம் செய்த அதே கைகள்தான் அவரைக் குளிப்பாட்டின, ஊட்டிவிட்டன, ஒரு படுக்கைப் புண் வராமல் புரட்டிப் படுக்க வைத்தன. ஒரு தலைமுறை ஓய்வு பெற்றதும் அடுத்த தலைமுறை வந்து பார்த்துக்கொண்டது. ஸ்டிரைக் செய்கிற நர்சுக்கு ஈரமில்லை என்று யாராவது சொன்னால் கேஇஎம் வார்டைப் பற்றிச் சொல்லுங்கள்.

அப்படியே உங்கள் ஆஸ்பத்திரியில் உடை மாற்றும் இடம் எங்கே இருக்கிறது என்றும் நோட்டில் எழுதுங்கள். தாழ்ப்பாள் இருக்கிறதா, விளக்கு எரிகிறதா. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் துணி மூட்டைகளுக்குப் பின்னால் ஸ்கிரீனை இழுத்துவிட்டு மாற்றினோம்.

இப்போது மிகக் கடினமான கேள்விக்கு வருகிறேன். ஊரில் ஒரு பெரியவர், அந்த ராத்திரியில் தன் பங்காளியைப் பறிகொடுத்தவர், என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். "ஏம்மா, அன்னிக்கு நீங்கள்லாம் ஸ்டிரைக்குன்னு வெளியில குந்தியிருந்தா எங்க கதி இன்னா?" நெஞ்சில் குத்திய கேள்வி. கோபப்பட்டுப் பதில் சொல்லக் கூடாது.

நான் திருப்பிக் கேட்டேன். "ஊர்ல ஒரு சாவுன்னா போட்டு எறக்குவீங்களா தாத்தா?"

"எறக்க மாட்டோம். ஒருத்தனும் தொழிலுக்குப் போக மாட்டான்."

"அந்த நேரம் கடல்ல ஒருத்தன் மாட்டிக்கினான்னு சேதி வந்தா?"

"அதுக்குப் போவாம? சாவு வீட்ல இருந்தே எழுந்து போவோமே."

"நாங்களும் அப்படித்தான் தாத்தா."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்ப செய்யுங்க" என்றார்.

கேஷுவாலிட்டி, ஐசியூ, பிரசவ அறை, டயாலிசிஸ், பச்சைக்குழந்தை வார்டு — இங்கெல்லாம் முறை போட்டு ஆள் நிற்க வேண்டும். யார் யார், எந்த நேரம் என்று பட்டியல் எழுதி ஆஸ்பத்திரிக்கும் கொடுக்க வேண்டும், நோயாளியின் வீட்டாருக்கும் காட்ட வேண்டும். ஸ்டிரைக் நாளில் ஐசியூவில் ஒருவருக்கு ஒரு நர்ஸ் நின்று காட்டுங்கள். சாதாரண நாளில் அங்கே மூன்று பேருக்கு ஒருத்தி நின்றாள் என்பதை அப்போது ஊர் தானாகப் பார்க்கும்.

சட்டம் தெரியாமல் இறங்கவும் கூடாது. 2003-ல் தமிழ்நாட்டில் அரசு ஊழியர், ஆசிரியர் போராட்டத்தில் ஒன்றே முக்கால் லட்சம் பேரை ஒரே வீச்சில் வேலையை விட்டு எடுத்தார்கள். அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டமான டெஸ்மாவின் பல்லை அன்று பார்த்தோம். அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் அடிப்படை உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் அந்த ஆகஸ்டில் சொன்னது. 2025 நவம்பர் 21-லிருந்து புதிய தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு அமலில் இருக்கிறது. 14 நாள் முன்னறிவிப்பு இல்லாமல் நிறுத்தினால் அது சட்டவிரோதம். பாதிப் பேரோ அதற்கு மேலோ சேர்ந்து ஒரே நாளில் கேஷுவல் லீவு போட்டாலும் ஸ்டிரைக் என்றே கணக்கு. அதனால் வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜைத் தட்டிவிட்டு நாளைக்கே உட்காரலாம் என்று யாராவது கிளம்பினால் கையைப் பிடித்து நிறுத்துங்கள். முதலில் சங்கம். சங்கத்தில் பதிவு, ரசீது, தீர்மானம், நோட்டீஸ். நம் பக்கம் ஒரு தேதி தவறினால் அதை வைத்தே நம்மை அடிப்பார்கள்.

தனியார் ஆஸ்பத்திரி நர்ஸ் ஒரு கையெழுத்துப் போடவே பயப்படுகிறாள். அந்தப் பயம் எனக்கும் இருந்தது. கேரளத்து நர்சுகளும் ஒரு காலத்தில் அப்படித்தான் பயந்தார்கள். 2011-ல் யுனைடெட் நர்சஸ் அசோசியேஷன் ஆரம்பித்தார்கள். ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக உட்கார்ந்தார்கள். 2012-ல் கோதமங்கலத்தில் மொட்டை மாடியில் ஏறி நின்றார்கள். அந்த நிலைமைக்கு நம்மில் ஒருத்தியும் போகக் கூடாது. சேர்த்தலாவில் ஓர் ஆஸ்பத்திரி வாசலில் இருநூறு நாளுக்கு மேல் உட்கார்ந்தார்கள். அங்கிருந்து திருவனந்தபுரத்துக்கு நடந்தே போகிறோம் என்று நாள் குறித்தார்கள். நடைக்கு முந்தின நாள், 2018 ஏப்ரல் 23 அன்று, தனியார் ஆஸ்பத்திரி நர்சுக்குக் குறைந்தது 20,000 என்று அரசு அறிவிக்கை வந்தது. இருபதாயிரம் என்பது உச்ச நீதிமன்றம் 2016-ல் அமைக்கச் சொன்ன குழுவே சொன்ன தொகைதான். 50 கட்டிலுக்குக் குறைந்த ஆஸ்பத்திரியில்கூட இருபதாயிரத்துக்குக் குறையக் கூடாது, 200 கட்டிலுக்கு மேல் என்றால் அரசு நர்சுக்குச் சமமாகக் கொடுக்க வேண்டும் என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரை காகிதத்தில் கிடக்கிறது. கேரளத்தில் அதற்கு உயிர் கொடுத்தது வாசலில் உட்கார்ந்த பெண்கள்.

எண்ணிக்கை கேட்டு ஜெயித்தவர்களும் இருக்கிறார்கள். 2023 ஜனவரியில் நியூயார்க்கில் ரெண்டு பெரிய ஆஸ்பத்திரிகளில் சுமார் ஏழாயிரம் நர்சுகள் வெளியே வந்தார்கள். முக்கியமாகக் கேட்டது வார்டில் போதுமான ஆள். மூன்று நாள் நின்று, ஒப்பந்தத்தோடு உள்ளே போனார்கள். கலிஃபோர்னியாவில் எத்தனை நோயாளிக்கு எத்தனை நர்ஸ் என்பது 2004 முதல் சட்டமாகவே நடைமுறையில் இருக்கிறது. அங்கேயும் மனுஷ உடம்புதான், இங்கேயும் மனுஷ உடம்புதான்.

அரசு நர்ஸ் வேறு, தனியார் நர்ஸ் வேறு, ஒப்பந்தம் வேறு என்று பிரித்து நிற்காதீர்கள். நிரந்தரமாக இருக்கும் அக்காக்களுக்கு ஒரு வார்த்தை: உங்கள் பக்கத்தில் அதே ஊசியைப் போடும் ஒப்பந்தத் தங்கச்சி உங்கள் சம்பளத்தில் பாதிகூட வாங்குவதில்லை. அவளுக்காக நீங்கள் முதலில் எழுந்திருங்கள். ஆயாம்மாக்களையும் துப்புரவு செய்கிறவர்களையும் விட்டுவிட்டுப் போகாதீர்கள். என் பதினெட்டுக் கட்டில் ராத்திரியில் என்னோடு நின்றது ஓர் ஆயாதான். பாட்டிக்கு மாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு அவர்தான் உட்கார்ந்திருந்தார், நான் அடுத்த கட்டிலுக்கு ஓடினேன். ஆண் செவிலியர்களே, நீங்களும் வாருங்கள். பொம்பளைங்க பிரச்சினை என்று இதை ஒதுக்கும் ஆள் யாராவது இருந்தால் பேசிப் புரிய வையுங்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு எக்கியார்குப்பம் வலை பின்னும் கூடத்தில் கூடுகிறோம். அனுமந்தை, கூனிமேடு, கைப்பாணிக்குப்பம், அழகன்குப்பம், திண்டிவனம், புதுச்சேரி எங்கே இருந்தாலும் வந்துவிடுங்கள். நைட் முடித்தவர்கள் காலையிலேயே வந்துவிடுங்கள், எங்கள் வீட்டில் பாய் விரித்து வைத்திருக்கிறேன், சாயங்காலம் வரைக்கும் தூங்கலாம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், பார்த்துக்கொள்ள அம்மாவும் தெருப் பெண்களும் இருக்கிறார்கள். டியூட்டியில் இருந்து வர முடியாதவர்கள் நோட்டை மட்டும் கொடுத்தனுப்புங்கள். எல்லா நோட்டுகளையும் சேர்த்து ஒரே கணக்காக எழுதப்போகிறோம், அதைத்தான் நோட்டீஸோடு இணைக்கப்போகிறோம்.

கூடத்தில் விளக்கு சரியில்லை. சித்தப்பா ஒயர் இழுத்து பல்பு போட்டுத் தருகிறேன் என்றிருக்கிறார். அவருக்கு இடது கண்ணில் இன்னும் புகைதான், ஏணியில் ஏற வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. "கீழ நீ நின்னு எத்தன விரலுன்னு கேட்டுக்கினே இரும்மா, நான் ஏறிக்கிறேன்" என்றார்.